பெருந்தொற்று வந்தா ஸ்கூல மூடணுமா? இந்தத் தலைப்புல மேடை ஏறப் போறவங்களுக்கு

எங்க ஊர் நூலகத்துல சனி ஞாயிறுல பிள்ளைங்களுக்கு விவாதப் பயிற்சி குடுத்துட்டு இருக்கேன், ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு போட்டிக்கு இந்தத் தலைப்பு வந்துடுது, வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேரு "உயிர் முக்கியமா படிப்பு முக்கியமா நடுவர் அவர்களே"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. முதல் வேலையா அந்த வரிய அடிச்சுடுங்க. உயிர் வேணாம்னு எதிரணி சொல்லப் போறதே இல்ல, அப்புறம் யார மறுத்துப் பேசுவீங்க? அதோட ரெண்டு பக்கமுமே உயிரு இருக்கு. ஸ்கூல் மூடினப்போ மத்தியானச் சாப்பாடு நின்னுபோன பிள்ளையும் உயிருதான், வகுப்பெடுக்கப் போயி நோய வீட்டுக்கு வாங்கிட்டு வந்த டீச்சரும் உயிருதான். இத முதல்லயே புரிஞ்சுகிட்டு மேடை ஏறுறவங்க பேச்சு வேற மாதிரி இருக்கும்.

அடுத்தது, தலைப்ப அப்படியே முழுசா தூக்கிட்டுப் போகாதீங்க, உடைங்க. எந்த நோயி? எந்த வகுப்புப் பிள்ளைங்க? எத்தனை நாளைக்கு? மூடினா அதுக்குப் பதிலா என்ன? இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதாம ஒரு வரி கூட மனப்பாடம் பண்ண வேணாம்.

எந்த நோயின்னு ஏன் கேக்கறேன்னா, பெருந்தொற்றுன்னா எல்லாரும் கொரோனா மட்டும்தான் நினைச்சுக்கறாங்க. 1918-ல வந்த இன்ஃபுளூயன்ஸா 20-லருந்து 40 வயசு வரைக்கும் நல்லா திடமா இருந்த ஆளுங்களையே அதிகமா கொண்டுபோச்சு. அமெரிக்காவுல பெரும்பாலான நகரங்கள் அப்போ ஸ்கூல மூடிடுச்சு, ஆனா நியூயார்க்கும் சிகாகோவும் மூடல. நியூயார்க் சுகாதார ஆணையரா இருந்த ராயல் கோப்லேண்ட் சொன்ன காரணம் என்னன்னா, நெரிசலான ஒண்டுக்குடித்தனத்துல இருக்குற பிள்ளைங்க வீட்லயும் தெருவுலயும் இருக்குறத விட ஸ்கூல்ல இருந்தா தினமும் நர்ஸும் டாக்டரும் பார்ப்பாங்க, காய்ச்சல் வந்தா உடனே தெரியும். இந்த வாதம் நூறு வருஷம் கழிச்சும் செல்லும், ஆனா ஒரு நிபந்தனையோட, ஸ்கூல்ல நர்ஸ் இருக்கணும். நம்ம ஊர்ல எத்தனை ஸ்கூல்ல நர்ஸ் இருக்காங்கன்னு எதிரணி கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்க.

போலியோ அப்படியே வேற. அது தாக்குறதே பிள்ளைங்களைத்தான். 1937-ல சிகாகோவுல போலியோ பரவினப்போ ஸ்கூல் திறக்குறத தள்ளி வெச்சுட்டு ரேடியோவுல பாடம் நடத்தினாங்க, பாடக் குறிப்பு நியூஸ்பேப்பர்ல வந்துச்சு. நம்ம கல்வித் தொலைக்காட்சிக்கு அது ஒரு பாட்டி மாதிரி. கொரோனாவோ பிள்ளைங்கள பெரும்பாலும் லேசா விட்டுட்டு வீட்ல இருக்குற பெரியவங்கள பிடிச்சுது. அப்போ கொரோனாவுக்கு ஸ்கூல மூடினது முக்கியமா யாருக்காக? தாத்தா பாட்டிக்காக, சுகர் இருக்குற அப்பாவுக்காக, டீச்சருக்காக. அந்த விலைய கட்டினது பிள்ளைங்க. இந்தத் தலைப்போட உசுரே இங்கதான் இருக்கு, இத நேரா சொல்லிட்டு "அந்த விலை எது வரைக்கும் நியாயம்"னு கேக்குற பேச்சாளர இதுவரைக்கும் எந்த நடுவரும் மார்க் குறைச்சு நான் பார்த்ததில்ல.

இப்போ ஒரு பேப்பர் எடுத்து தேதிங்கள வரிசையா எழுதுங்க. இத எல்லா பிள்ளைங்களையும் கையாலயே எழுத வைப்பேன், போன்ல சேவ் பண்ணா மண்டையில நிக்காது. தமிழ்நாட்டுக் கணக்கு இது. 2020 மார்ச் 17-ல ஸ்கூல் மூடுனாங்க, மார்ச் 25-ல நாடு முழுக்க லாக்டவுன். பத்தாவது பரீட்சைய தள்ளி வெச்சு தள்ளி வெச்சு கடைசியா ஜூன் 9-ல ரத்து பண்ணி, காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம்னு போட்டு எல்லாருக்கும் பாஸ். 2021 ஜனவரி 19-ல பத்தும் பன்னெண்டும் வந்தாங்க, பிப்ரவரி 8-ல ஒம்போதும் பதினொண்ணும். மார்ச்ல திரும்ப மூட ஆரம்பிச்சாச்சு. மே மாசம் ரெண்டாவது அலை, தமிழ்நாட்டுல மட்டும் ஒரே நாள்ல 36,000-த்துக்கு மேல கேஸு. 2021 செப்டம்பர் 1-ல ஒம்போதுலருந்து பன்னெண்டு வரைக்கும், நவம்பர் 1-ல ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும். ஒமிக்ரான் வந்து 2022 ஜனவரியில மறுபடி மூடி, பிப்ரவரி 1-ல திறந்தாங்க.

எழுதி முடிச்சதும் இத கேளுங்க: 2020 ஜூன்ல ஒண்ணாம் வகுப்புல பேரு குடுத்த பிள்ளை ஸ்கூலுக்குள்ள முதல் முதலா கால் வெச்சது எப்போ? 2021 நவம்பர்ல, ரெண்டாம் வகுப்புல பாதி வருஷம் போனப்புறம். அ ஆ எழுதவே வகுப்புல உக்காராம ரெண்டாம் வகுப்புப் பிள்ளை. திறக்கணும்னு பேசுறவங்களுக்கு நான் குடுக்குற முதல் பாயிண்ட் இது, ஏன்னா இதுல சதவீதம் எதுவும் கிடையாது, கேக்குறவங்க மனசுல ஒரு பிள்ளை வந்து நிக்கும்.

தேதிங்க எழுதினா இன்னொண்ணும் தெரியும், ஒரே கேள்விக்கு காலத்துக்கு காலம் பதில் மாறுது. 2020 மார்ச்ல மூடினது சரிதான், எந்த நோயின்னே முழுசா தெரியல, பிள்ளைங்க பரப்புவாங்களா மாட்டாங்களான்னு தெரியல, டெஸ்ட் கிட் போதுமான அளவு கிடையாது. திறக்கணும்னு பேசுறவங்க தயவு செஞ்சு அந்த மார்ச்ச தாக்காதீங்க, தோத்துருவீங்க. "அன்னைக்கு மூடினத நானும் ஏத்துக்கறேன்"னு முதல்லயே சொல்லிட்டா எதிரணி தயார் பண்ணிட்டு வந்த பாதிப் பேச்சு வீணாப் போயிடும். அதே மாதிரி மூடணும்னு பேசுறவங்க 2021 அக்டோபரக் காப்பாத்தப் போராடாதீங்க, உங்க கோட்டை 2020 மார்ச்சும் 2021 மே-யும்தான், ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையில நின்ன அந்த மே மாசம் ஸ்கூல் திறந்திருக்கணும்னு யாரும் வாய் திறக்க முடியாது.

நடுவுல ஒரு தேதி இருக்கு, ரெண்டு அணியும் சண்டை போட வேண்டிய இடம் அது. 2020 நவம்பர். நவம்பர் 16-ல ஒம்போதுலருந்து பன்னெண்டு வரைக்கும் திறக்குறதா இருந்துச்சு, நவம்பர் 9-ல பெத்தவங்கள ஸ்கூலுக்கே கூப்பிட்டு கருத்து கேட்டாங்க, அப்புறம் திறப்பு தள்ளிப்போச்சு. அதே வாரம் நவம்பர் 10-ல சினிமா தியேட்டர் திறந்தாச்சு, பாதி சீட்டோட. டாஸ்மாக் மே மாசமே திறந்து, ஆகஸ்ட்ல சென்னையிலயும் திறந்தாச்சு. திறக்கணும்னு பேசுறவங்க இத சொன்னா கைதட்டல் வரும். ஆனா கைதட்டலோட நிறுத்திடாதீங்க, எதிரணியில நல்ல ஆளு இருந்தா ரெண்டு பதில் சொல்லுவாங்க. ஒண்ணு, தியேட்டருக்குப் போறது அவங்கவங்க இஷ்டம், வகுப்புக்கு வர்றது அப்படி இல்ல, அது மூணு மணி நேரம், இது வருஷம் பூரா. ரெண்டு, வேணாம்னு சொன்னதுல பெத்தவங்களும் இருந்தாங்க. இதுக்கு நீங்க என்ன சொல்லணும்னா, கருத்து சொல்ல வர முடிஞ்ச பெத்தவங்க யாரு, அன்னைக்குக் கூலி வேலைக்குப் போனதால வர முடியாதவங்க யாருன்னு கேக்கணும், அப்புறம் பரவல் குறைஞ்சா முதல்ல திறக்கவேண்டிய வரிசையில ஸ்கூல் எத்தனாவது இடம்னு கேக்கணும். அந்த வரிசைங்கிற வார்த்தைய விடாம பிடிச்சுக்கோங்க.

சரி, ஆதாரம். உலகத்துல எந்த நாட்ட எடுத்தாலும் ரெண்டு பக்கத்துக்கும் உதவுற மாதிரி இருக்கும், அதனால ஒரு நாட்ட சொல்லும்போது அதோட மறுபக்கத்தையும் படிச்சுட்டுப் போங்க. ஸ்வீடன் இதுக்கு நல்ல உதாரணம். 2020 வசந்த காலத்துல 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஸ்கூல் திறந்தே இருந்துச்சு, பெரிய வகுப்புங்க மட்டும் ஆன்லைனுக்குப் போச்சு. ஒண்ணுலருந்து 16 வயசு வரைக்கும் சுமார் 19.5 லட்சம் பிள்ளைங்க, மார்ச்லருந்து ஜூன் வரைக்கும் கொரோனாவால தீவிர சிகிச்சைக்குப் போனது 15 பேரு, சாவு இல்ல. திறக்குறவங்க இத எடுத்துட்டு ஓடிடுவாங்க. ஆனா அதே ஸ்வீடன்ல நேர்ல பாடம் எடுத்த ஆசிரியருங்களையும் ஆன்லைன்ல எடுத்த ஆசிரியருங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ நேர்ல எடுத்தவங்களுக்கு தொற்று கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நேர்ல படிச்ச பிள்ளைங்களோட பெத்தவங்களுக்கு கொஞ்சம்தான் கூடியிருந்துச்சு. மூடுறவங்க இத கையில வெச்சுக்கிட்டு, எதிரணி ஸ்வீடன்னு சொன்ன உடனே எழுந்திரிக்கணும்.

இஸ்ரேலும் அப்படித்தான். 2020 மே 17-ல முழுசா திறந்தாங்க, பத்து நாளைக்குள்ள ஜெருசலேம்ல ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளியில தொற்று வெடிச்சு 153 மாணவரு, 25 ஊழியரு. மூடுறவங்களுக்கு சூப்பர் பாயிண்ட் மாதிரி இருக்கும். ஆனா அதுக்குக் காரணமா என்ன இருந்துச்சுன்னு பாருங்க, ஒரு வகுப்புல 35 பேருக்கு மேல, அந்த வாரம் கடுமையான வெயில், மாஸ்க் வேணாம்னு சொல்லிட்டாங்க, ஜன்னல சாத்தி ஏசி போட்டாங்க. அப்போ பாடம் என்னங்க? ஜன்னல் திறந்திருக்கணும், கூட்டம் குறையணும். திறக்குறவங்க இத வெச்சே "எப்படித் திறக்கணும்"னு ஒரு திட்டம் சொல்லலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மரத்தடி வகுப்பு, வகுப்புக்கு 20 பேருன்னு.

ஆந்திரா உதாரணத்துல நான் ஒரு தப்பு பண்ணேன், அத சொல்லியாகணும். 2020 நவம்பர் 2-ல ஆந்திராவுல திறந்தாங்க, மூணு நாள்ல 262 மாணவருக்கும் சுமார் 160 ஆசிரியருக்கும் தொற்று. எல்லா சேனல்லயும் பரபரப்பு. ஆனா வந்த மாணவருங்க கிட்டத்தட்ட 4 லட்சம், 262-ங்கறது 0.1 சதவீதம் கூட இல்ல. மேல உள்ள எண்ண (தொற்று வந்தவங்க) மட்டும் பார்க்காதே, கீழ உள்ள எண்ணையும் (மொத்தம் வந்தவங்க) பாருன்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்க அருமையான உதாரணம், நானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். என்கிட்ட பயிற்சி எடுத்த பையன் மேடையில "வெறும் 0.1 சதவீதம்தான் நடுவர் அவர்களே"ன்னு கைய விரிச்சான். ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்த ஒரு பொண்ணு எழுந்து வெளிய போயிடுச்சு. அதோட அப்பா வாத்தியாரு, ரெண்டாவது அலையில போயிட்டாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பையன் மேல தப்பே இல்ல, அந்த "வெறும்"ங்கற வார்த்தைய எழுதிக் குடுத்தது நான். அன்னைக்கு சாயங்காலம் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயி மன்னிப்பு கேட்டேன். அதுலருந்து யாரு பேப்பர்லயும் ஒரு எண்ணுக்கு முன்னாடி "வெறும்" வரவிடுறதில்ல, உங்க பேப்பர்லயும் அடிச்சுடுங்க. எண்ண சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க, ஆனா அந்த 262-ல ஒருத்தரு முன்னாடி உக்காந்திருக்காருன்னு நினைச்சு சொல்லுங்க.

அதே ஆந்திரா கணக்குல மூடுறவங்களுக்கும் ஒண்ணு இருக்கு, வந்த ஆசிரியருங்க 99,000-த்துக்கு மேல, அதுல 160-ன்னா சதவீதத்துல மாணவருங்கள விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆபத்து டீச்சர் பக்கம்தான் சாயுதுன்னு ஸ்வீடனும் ஆந்திராவும் ஒரே மாதிரி சொல்லுதுன்னு இணைச்சுப் பேசினா வெயிட்டா இருக்கும்.

மூடணும்னு பேசுறவங்க கண்டிப்பா மாட்டுற இடம் ஆன்லைன் கிளாஸு. "வீட்லருந்தே படிக்கலாமே"ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. 2021 ஆகஸ்ட்ல 15 மாநிலம், யூனியன் பிரதேசங்கள்ல ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்க சுமார் 1,400 பேர்கிட்ட பொருளாதார அறிஞர் ஜான் த்ரேஸ் குழு எடுத்த கணக்குல கிராமத்துல ஒழுங்கா ஆன்லைன்ல படிச்சது 8 சதவீதம், படிக்கவே இல்லைங்கறது 37 சதவீதம். வீட்டுக்கு ஒரே போனு, அதையும் அப்பா வேலைக்குக் கொண்டு போயிட்டா என்ன பண்றது. இதுக்கு உங்க பதில் "பதிலா என்ன"ங்கற நாலாவது கேள்வியில இருக்கணும். நம்ம ஊர்லயே ஒரு பதில் இருக்கு, இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27-ல விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் தொடங்கினாங்க, தெருவுல உள்ள தன்னார்வலரே சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒண்ணு ஒன்றரை மணி நேரம் பிள்ளைங்கள உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்கு மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகை குடுத்தாங்க.

இதப் பத்தி ஒரு ஆய்வு இருக்கு, இந்தத் தலைப்புக்கு இத விட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூணு பேரும் தமிழ்நாட்டுக் கிராமத்துல சுமார் 19,000 பிள்ளைங்கள வெச்சுப் பண்ணது. 2019-ல அதே ஊர்ல அதே வயசுல இருந்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா 2021 டிசம்பர்ல பிள்ளைங்க ரொம்ப பின்தங்கியிருந்தாங்க, தமிழ்ல விட கணக்குல அடி ரெண்டு மடங்கு. ஆனா ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துல அந்த இழப்புல மூணுல ரெண்டு பங்கு மீண்டுடுச்சு, அந்த மீட்சியில சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால வந்துச்சு. இத எப்படிப் பயன்படுத்துறதுன்னு நல்லா கவனிங்க. திறக்குறவங்க முதல் பாதிய சொல்லுவாங்க, இழப்பு எவ்வளவு பெருசுன்னு. மூடுறவங்க ரெண்டாவது பாதிய சொல்லுவாங்க, போன படிப்ப மீட்கலாம் போன உயிர மீட்க முடியாதுன்னு. திறக்குறவங்களோட அடுத்த பதில்: மீண்டது எதால, ஸ்கூல் திறந்ததாலதானே? அப்புறம் இன்னொரு கேள்வி, மீட்க முடியாத படிப்பும் உண்டு. போன வருஷம் ஒரு பொண்ணு இத ஒரே வரியில சொன்னா, "எங்க அக்காவுக்கு அந்த ரெண்டு வருஷத்துலதான் கல்யாணம் பண்ணி வெச்சாங்க, அவ எப்ப வந்து படிப்பா?" எதிரணி கேட்டுட்டு அமைதியாயிடுச்சு. உங்க வீட்டுல, தெருவுல உண்மையா நடந்தது இருந்தா அத சொல்லுங்க, அந்தாளு சம்மதத்தோட, பேரு சொல்லாம. கற்பனையா ஒரு அக்காவ உருவாக்காதீங்க, ரெண்டாவது கேள்வியிலயே தெரிஞ்சுடும்.

திறக்குறவங்க மாட்டுற இடம் "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது". அப்படி சொல்லவே சொல்லாதீங்க. தொற்று போய் சில வாரம் கழிச்சு உடம்பு பூரா அழற்சி வந்து ஐசியூவுக்குப் போன பிள்ளைங்க உண்டு, அபூர்வம்தான், ஆனா உண்டு. அதுக்குப் பதிலா 2021 ஜூன் ஜூலையில ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்க சொல்லுங்க, 6-லருந்து 9 வயசுல 57.2 சதவீதம், 10-லருந்து 17 வயசுல 61.6 சதவீதம் பேருக்கு ஏற்கனவே எதிர்ப்பணு (நோய் வந்து போன அடையாளம்) இருந்துச்சு, அதுவும் சின்னப் பிள்ளைங்க ஸ்கூலுக்கே போகாம. அப்போ வாசல மூடி வெச்சும் நோய் வீட்டுக்கு வந்துடுச்சு. எதிரணி "ஸ்கூல் திறந்திருந்தா அது ஏப்ரல்லயே வந்திருக்கும், ஆஸ்பத்திரி தாங்கியிருக்காது"ன்னு சொல்லுவாங்க, அது நியாயமான பதில், ஏத்துக்கிட்டு நீங்க திரும்ப வரிசைக்கும் நாள் கணக்குக்கும் வாங்க.

இன்னொரு எச்சரிக்கை. 2021-ல உத்தரப் பிரதேசத்துல 1,621 ஆசிரியருங்க செத்துட்டாங்கன்னு அவங்க சங்கம் சொன்னத ஸ்கூல் திறந்ததால செத்தாங்கன்னு நிறையப் பேர் மேடையில சொல்றாங்க. அது பஞ்சாயத்துத் தேர்தல் வேலைக்குப் போனது சம்பந்தமா சொன்னது. சோகம் உண்மை, காரணம் வேற. இப்படி ஒண்ணு தப்பாப் போனா மீதி நீங்க சொன்ன எல்லாத்தையும் நடுவர் சந்தேகமாத்தான் பார்ப்பாரு.

பயிற்சி எப்படின்னா, போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி பக்கத்த மாத்திப் பேசுங்க. மூடணும்னு பேசப் போறவங்க மூணு நாள் திறக்கணும்னே பேசணும், அழுத்தமா, நம்பிப் பேசணும். அப்போதான் எங்க வலிக்கும்னு தெரியும். அப்புறம் வீட்ல ஒரு அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகிட்ட உங்க மூணு பாயிண்டையும் சொல்லிப் பாருங்க, அதுக்குப் புரியலன்னா சபைக்கும் புரியாது, திட்ட விலக்கம் அது இதுன்னு பேப்பர்ல இருக்குறதெல்லாம் அங்கேயே உதிர்ந்துடும். எண்ணு ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணு போதும். பேசுறது அஞ்சு நிமிஷம்னா நாலாவது நிமிஷ பெல்லுக்கு முன்னாடியே உங்க கோரிக்கை என்னன்னு சொல்லி முடிச்சிருக்கணும்.

கோரிக்கை கட்டாயம் இருக்கணும், நிறையப் பேர் இத விட்டுடறாங்க. மூடணும்னா திறக்குற நிபந்தனையோட சேர்த்து சொல்லுங்க: ஆஸ்பத்திரி படுக்கை இவ்வளவு காலியான உடனே முதல்ல ஒண்ணாம் ரெண்டாம் வகுப்பு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை, அது வரைக்கும் அரிசி பருப்போட முட்டையும் வீட்டுக்கு வரணும், டீச்சருக்கு முதல் வரிசையில தடுப்பூசி. திறக்கணும்னா மூடுற நிபந்தனையோட சொல்லுங்க: எத்தனை கேஸ் வந்தா எந்த வகுப்ப எத்தனை நாள் மூடுவோம், சுகர் பிரஷர் இருக்குற டீச்சருக்கு என்ன ஏற்பாடு, வீட்ல வயசானவங்க இருக்குற பிள்ளைக்கு என்ன. உகாண்டாவுல நிபந்தனை தள்ளித் தள்ளிப் போயி கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு 2022 ஜனவரியிலதான் எல்லாருக்கும் திறந்தாங்க, திறக்குற நாள யோசிக்காம மூடுற முடிவு எங்க போய் நிக்கும்னு காட்ட அது ஒண்ணு போதும்.

போட்டி அன்னைக்கு காலையில புதுசா எதுவும் படிக்காதீங்க. கையில ஒரே ஒரு தாள், மேல பாதியில தேதிங்க, கீழ பாதியில எதிரணி கேக்கப் போற மூணு கேள்வியும் உங்க பதிலும். எதிரணிக்காரரு பேசும்போது அவரு மூஞ்சியப் பார்த்துக் கேளுங்க, தாளப் பார்க்காதீங்க, அவரு ஒரு நல்ல பாயிண்ட் சொன்னா உங்க முறை வரும்போது "அவங்க சொன்ன இது சரி"ன்னு வாய்விட்டு சொல்லிட்டு அப்புறமா உங்க மறுப்ப ஆரம்பிங்க.